எட்டாம் நம்பர் ஊசியும் அப்பாவின் அளவுச் சீட்டும்

எட்டாம் நம்பர் ஊசி என்றால் உலகம் முழுக்க ஒரே ஊசிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த அமெரிக்கப் பின்னல் குறிப்பில் எட்டாம் நம்பர் என்று போட்டிருந்தது. குன்னூர் கடையிலும் எட்டாம் நம்பர் கிடைத்தது. வாங்கி வந்து மூன்றரை மாதம் பின்னினேன். டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைக் காப்பிக்கு முன்னால், என் கணவர் அந்த ஸ்வெட்டருக்குள் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி மாட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. மகள் பின்னாலிருந்து இழுத்தாள். "அம்மா, அப்பாவுக்கு மூச்சு வருதான்னு பாரு" என்றாள். வந்தது. ஆனால் அந்த ஸ்வெட்டர் அவருக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை.

விஷயம் இதுதான். அமெரிக்கக் கணக்கில் எட்டாம் நம்பர் ஊசியின் தடிமன் 5 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். அதோடு இரண்டும் எதிர்த்திசையில் ஓடுகின்றன. அமெரிக்காவில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற மெலியும்: பத்தாம் நம்பர் 3.25, பன்னிரண்டாம் நம்பர் 2.75. கம்பியின் தடிமனை அளக்கிற பழைய அளவுமுறையிலிருந்து வந்த எண்கள் அவை. ஊசி பாக்கெட்டின் மூலையில் மில்லிமீட்டரும் சின்னதாக அச்சிட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் திருப்பூர்க்காரி. அப்பா நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முப்பதாம் கவுண்ட் நூலைவிட நாற்பதாம் கவுண்ட் மெல்லிசு என்பது எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எண் கூடினால் பொருள் மெலியும் என்ற விஷயத்தைக் கேட்டே வளர்ந்தவள், ஊசி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விபத்தின் அளவு புரியும். ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. குறிப்பின்படி 10 சென்டிமீட்டர் அகலத்தில் 18 கண்ணிகள் விழ வேண்டும். உடம்புச் சுற்றுக்கு 180 கண்ணி, அதாவது 100 சென்டிமீட்டர். என் மெல்லிய ஊசியில், என் கை இறுக்கத்தில், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி விழுந்திருந்தது. 180-ஐ 2.2-ஆல் வகுத்தால் 82 சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. அவருக்கு மார்புச் சுற்று 94. நீளத்தை மட்டும் டேப் வைத்துப் பின்னியதால் அது சரியாக இருந்தது. மொத்தத்தில் கை வைத்த தலையணை உறை.

நான் பின்னல் கற்றது குன்னூருக்கு மாற்றலாகி வந்த பிறகு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேலே, மழை ஆரம்பித்தால் துணி மூன்று நாள் காயாத ஊர். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் குடும்பம். பக்கத்தில் வெலிங்டனில் ராணுவ முகாம் இருப்பதால் இந்தப் பக்கம் வடக்கத்திக் குடும்பங்கள் நிறைய. அந்த ஆன்ட்டிக்குச் சொந்த ஊர் ஹிமாசலப் பிரதேசம். வாசலில் நாற்காலியைப் போட்டு, யாரோடோ பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் பின்னுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது.

என் அரைகுறை இந்தியில் பாடம் நடந்தது. கண்ணிக்கு ஃபந்தா, ஊசிக்கு சலாய். நேராகப் பின்னுவது சீதா, திருப்பிப் பின்னுவது உல்டா. "தோ சீதா, தோ உல்டா" என்று அவர் சொல்லச் சொல்ல, ராமாயணத்துச் சீதையை எதற்கு இரண்டு முறை கூப்பிடுகிறார் என்று முதல் நாள் முழித்தேன். பிறகு தமிழ்க் காணொளிகளில் நிட், பர்ல் என்று கேட்டபோது அதுதான் இது என்று புரிந்தது. இன்னும் மனசுக்குள் எண்ணும்போது சீதா, உல்டாதான்.

மஃப்ளர் ஒன்று, குல்லா இரண்டு, கொழுந்தனாரின் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர். குழந்தை ஸ்வெட்டர் பதினைந்து நாளில் முடிந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் தப்பு. குழந்தை உடம்புச் சுற்று 50 சென்டிமீட்டர். என் கை இறுக்கத்தால் நாலைந்து சென்டிமீட்டர் முன்பின் ஆனாலும் குழந்தை வளர்ந்து சரிபண்ணிக்கொள்ளும். இல்லை, கொஞ்சம் சின்னதாக இருந்தால் அடுத்த குழந்தைக்கு ஆகும். பெரியவர்கள் வளர மாட்டார்கள். அகலத்தில் வளர்ந்தாலும் நம் தவறுக்கு ஏற்ற மாதிரி வளர மாட்டார்கள். அதே சின்னப் பிசகு 100 சென்டிமீட்டரில் இரண்டு மடங்காகி, மூன்று மாத உழைப்புக்கு அப்புறம்தான் முகத்தைக் காட்டும்.

மாட்டிக்கொண்ட கதையைப் போனில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, சாம்பிள் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. அதை ஊசியிலிருந்து எடுக்காமலே ஸ்கேலை வைத்து, எனக்குப் பிடித்த எண் வருகிற மாதிரி கொஞ்சம் இழுத்து அளந்தேன். அப்பாவிடம் இதை ஒப்புக்கொள்ளப் பத்து நிமிடம் ஆனது.

சரி, அடுத்த ஸ்வெட்டர் எனக்கே. ஊசியை மில்லிமீட்டரில் பார்த்து வாங்கினேன். மாதிரித் துண்டைப் பெரிதாகவே பின்னினேன், ஊசியிலிருந்து எடுத்து, மேசையில் பரப்பி, இழுக்காமல் அளந்தேன். 22 கண்ணி. எனக்கு மார்பு 84. சட்டைக்கு மேல் போட ஏழு சென்டிமீட்டர் லூஸ் வைத்து 91 வேண்டும். 200 கண்ணி ஏற்றினேன். இந்த முறை உல்லன் என்று நாம் சொல்கிற அக்ரிலிக் இல்லை, நிஜமான ஆட்டு ரோமம். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, நீலகிரிச் செம்மறி மெல்லிய ரோமத்துக்குப் பெயர் பெற்றது, ஆனால் என் கைக்கு வந்ததோ லூதியானாவிலிருந்து வந்த உருண்டைகள். நல்ல மாம்பழ நிறம்.

முடித்துப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். இரண்டு நாள் கழித்து மென்மையான சோப்பில் அலசி, கொடியில் தோள்பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். மாலையில் வந்து பார்த்தால் கைகள் முழங்காலைத் தொடுகிற மாதிரி நிற்கிறது, ஆள் இல்லாத ஸ்வெட்டர்.

இதில் இரண்டு தப்பு. நனைந்த கம்பளி நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கனத்தோடு தொங்கவிட்டால் நீளாமல் என்ன செய்யும்? அது வெளிப்படையான தப்பு. இன்னொன்று கொஞ்சம் உள்ளே இருந்தது. சில கம்பளி நூல்கள் தண்ணீர் பட்டதும் ஓய்வெடுக்கிற மாதிரி தளர்ந்து விரியும், அதிலும் மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய நூல்கள் கூடுதலாக. மிச்சமிருந்த மாதிரித் துண்டை அன்று இரவே நனைத்து, படுக்கையாகக் காயவைத்து அளந்தேன். 22 இருந்த இடத்தில் 20. என் 200 கண்ணிகள் 91 சென்டிமீட்டரில் இல்லை, 100-இல் உட்கார்ந்திருந்தன.

அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஷ்ரிங்கேஜ் பாக்காம எவனாச்சும் கட்டிங் போடுவானா? துணி வந்தா முதல்ல கட்டம் வரைஞ்சு துவைப்போம். அளந்துட்டுத்தான் கத்தியை எடுக்கறது. ஒரு நாள் லேட்டானா பரவால்ல, அஞ்சாயிரம் பீஸ் போயிருமே." பனியன் துணி சுருங்கும், என் நூல் விரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சட்டம் ஒன்றுதான்: துவைத்த பிறகு இருப்பதுதான் அளவு.

அதன் பிறகு ஒரு மாதிரித் துண்டையும் நான் துவைக்காமல் அளந்ததில்லை. ஸ்வெட்டரை எப்படித் துவைப்பேனோ அப்படியே அதையும் துவைக்க வேண்டும். மெஷினில் போடப்போகிற ஸ்வெட்டருக்கு மெஷினில், கையில் அலசப்போவதற்குக் கையில். துண்டு பதினைந்துக்குப் பதினைந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், ஓரத்துக் கண்ணிகளை விட்டுவிட்டு நடுவில் பத்து சென்டிமீட்டரை எண்ண வேண்டும். அரைக் கண்ணி வந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த அரைக் கண்ணியை நாம்தான் மறைப்போம், அது நம்மை மறைக்காது. வட்டமாகப் பின்னப்போகிறீர்கள் என்றால் மாதிரியையும் வட்டமாகப் பின்னிப் பாருங்கள். எனக்கு உல்டா வரிசை சீதாவைவிடத் தளர்வாக விழும். முன்னும் பின்னும் திருப்பிப் பின்னும்போது ஒரு அளவு, வட்டத்தில் சீதா மட்டுமே வரும்போது வேறு அளவு.

அந்த மாம்பழ ஸ்வெட்டர் இப்போதும் இருக்கிறது. காலையில் நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறேன். கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டால் போதும்.

அக்ரிலிக் வேறு ஜாதி. தண்ணீரில் பெரிதாக மாறாது. அதன் எதிரி இஸ்திரிப் பெட்டி. கணவருடைய ஸ்வெட்டரைக் கொஞ்சமாவது விரியவைக்கலாம் என்று நினைத்து சூடான பெட்டியை ஓரத்தில் வைத்தேன். ரிப் பகுதியின், அதாவது சீதாவும் உல்டாவும் மாறி மாறி வரும் ஓரப் பட்டையின், இழுவை அப்படியே செத்துப்போனது. ரப்பர் போன உள்ளாடை மாதிரி தொளதொளவென்று ஆகிவிட்டது. திரும்பவே இல்லை. அக்ரிலிக்குச் சூடு காட்டாதீர்கள்.

ஆன்ட்டி இந்த இரண்டு தோல்விகளையும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "உதேடோ." பிரித்துவிடு என்று அர்த்தம். அவர் வீட்டில் சின்ன வயதில் புது நூல் வாங்கியதைவிடப் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நாட்கள்தான் அதிகமாம். பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டால் பிரிப்பார்கள். நாற்காலி முதுகில் நூலைச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, அடியில் சின்னக் கனம் ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். அப்புறம் உருண்டையாக்கி அடுத்ததைத் தொடங்குவார்கள். கணவரின் ஸ்வெட்டரை நானும் பிரித்தேன். மூன்றரை மாதம் பின்னியது ஒரு மதியத்தில் உருண்டையாகிவிட்டது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நிஜத்தில் கடன் அடைத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது ஸ்வெட்டர் அப்பாவுக்கு. ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் வந்து பத்து நாள் இருப்பார். குளிரைத் திட்டிக்கொண்டே இருப்பார். அவர் உடம்பு அளவைக் கேட்டேன். அளவு வரவில்லை, வாட்ஸ்ஆப்பில் ஒரு சீட்டின் படம் வந்தது. பழைய ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு சட்டைப் படம், அம்புக்குறிகள், ஒவ்வொன்றுக்கும் சென்டிமீட்டர். பாதி மார்பு 50. உயரம் 64. தோள் முனையிலிருந்து தோள் முனை 43. கழுத்து அகலம், கழுத்து இறக்கம், அக்குளிலிருந்து கை நீளம், மேல் கை அகலம், மணிக்கட்டு. கீழே ஒரு குறிப்பு: "டாலரன்ஸ் அரை சென்டி." அரை சென்டிமீட்டர் வரை பிசகலாம் என்று அர்த்தம்.

அவர் அளந்தது தன் உடம்பை இல்லை. தனக்குப் பிடித்த, நன்றாகப் பொருந்துகிற பழைய ஸ்வெட்டரைத் தரையில் விரித்து அதை அளந்திருக்கிறார். நான் கற்றதிலேயே அதிகம் பயன்படுகிற விஷயம் இதுதான் என்பேன். உடம்பை அளந்தால் அப்புறம் எவ்வளவு லூஸ் வைப்பது என்ற கேள்வி வரும். அதற்கு ஒவ்வொருவர் ஒரு பதில் சொல்வார்கள். ஏற்கெனவே போட்டுப் பழகிய ஸ்வெட்டரை அளந்தால் அந்தக் கேள்விக்கு ஆள் தானே பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். அதுவும் நீங்கள் பின்னப்போகிற தடிமனுக்கு நெருக்கமான ஸ்வெட்டராக இருக்க வேண்டும். மெல்லிய பனியனை அளந்து தடித்த ஸ்வெட்டர் பின்னினால் உள்ளே இடம் போதாது.

நூல் எவ்வளவு வாங்குவது என்பதற்கும் அப்பாவிடம் வழி இருந்தது. பனியன் கம்பெனிகளில் துணியின் கனத்தைப் பார்க்க ஒரு வட்டக் கட்டர் வைத்திருப்பார்கள். சரியாக நூறு சதுர சென்டிமீட்டரை வெட்டி எடுக்கும். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, ஜிஎஸ்எம். "உன்ற சாம்பிளை எடை போடு" என்றார். என் துண்டு பதினைந்துக்குப் பதினைந்து, 225 சதுர சென்டிமீட்டர். சமையலறைத் தராசில் 11 கிராம். ஸ்வெட்டரின் பரப்பு: உடம்பு 100-க்கு 64, கை இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம், ஆக ஏறக்குறைய 9,000 சதுர சென்டிமீட்டர். அதாவது நாற்பது துண்டுகள், 440 கிராம். கழுத்து ரிப், ஓர ரிப், சேதாரம் எல்லாம் சேர்த்து 500 என்று வைத்தேன். கடைசியில் 24 கிராம் மிச்சம். எனக்கே நம்ப முடியவில்லை.

ஐந்நூறையும் ஒரே தடவையில் வாங்கினேன், உருண்டைச் சீட்டில் லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து. கடைக்காரர் பொறுமையாக நின்றார். சாயம் போடும் தொட்டி மாறினால் ஷேடு மாறும். உருண்டையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பின்னி முடித்து வெளிச்சத்தில் பிடித்தால் மார்புக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி தெரியும். வேறு லாட் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னினால் கண் ஏமாறும். குறைந்தபட்சம் புது லாட்டைக் கைக்கோ ரிப்புக்கோ ஒதுக்கலாம், அங்கே பின்னல் மாறுவதால் நிறம் மாறுவது அவ்வளவாக உறுத்தாது.

ஆன்ட்டி கற்றுக்கொடுத்த முறை துண்டு துண்டாகப் பின்னுவது: முதுகு, முன்பக்கம், இரண்டு கை, பிறகு தையல். அதில் உருவம் நன்றாக நிற்கும், தோள்பட்டை தொய்யாது. ஆனால் தைத்து முடிக்கும் வரை போட்டுப் பார்க்க முடியாது. இரண்டு முறை சூடு கண்ட எனக்கு அது ஒத்துவராது. கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லான் முறையை எடுத்தேன். கழுத்தில் தொடங்கி, நாலு இடத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அக்குள் வந்ததும் கைக் கண்ணிகளைத் தனி நூலில் கோத்து ஓரமாக நிறுத்திவிட்டு, உடம்பை மட்டும் வட்டமாகக் கீழே இறக்குவது. எந்த நேரமும் அளவு பார்க்கலாம், நீளம் போதவில்லை என்றால் அடியில் சேர்க்கலாம். வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லான் பிரபுவின் பெயர் இந்தக் கைக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு அந்த வரலாறு தெரியாது, ராக்லான் டீ-ஷர்ட் மட்டும் ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார்.

கைக்கு எத்தனை கண்ணி என்று எல்லோரும் குழம்புகிற இடத்தில், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மேன் என்ற பின்னல் ஆசிரியரின் சதவீதக் கணக்கு எனக்குக் கை கொடுத்தது. உடம்புச் சுற்றின் கண்ணிகள் நூறு சதவீதம் என்றால் மணிக்கட்டுக்கு இருபது, மேல் கைக்கு முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தைந்து. அப்பாவின் ஸ்வெட்டருக்கு உடம்புக் கண்ணி 200. அப்படியானால் மேல் கை 70, மணிக்கட்டு 40. முப்பது கண்ணி குறைய வேண்டும், ஒரு முறைக்கு இரண்டு வீதம் பதினைந்து முறை. ரிப் போக இருக்கும் கை நீளத்தில் 109 வரிசை. ஏழு வரிசைக்கு ஒருமுறை குறைத்தால் 105-இல் முடிகிறது. அப்பாவின் சீட்டிலிருந்த எண்களோடு ஒப்பிட்டேன். மேல் கையில் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மணிக்கட்டு மட்டும் அவருக்கு மெலிசு, ரிப் தொடங்கும் இடத்தில் இன்னும் நாலு கண்ணி குறைத்தேன். சதவீதம் தொடங்குவதற்கு, சீட்டு முடிப்பதற்கு.

ஏழாவது வரிசை எது என்று எண்ணிக்கொண்டே இருப்பது பைத்தியம் பிடிக்கவைக்கும். குறைத்த இடத்திலெல்லாம் ஒரு ஊக்கு குத்தினேன். முடிவில் பதினைந்து ஊக்கும் வரிசையாக நின்றன. ஊக்கை எண்ணினால் போதும், வரிசையை எண்ண வேண்டாம்.

இன்னொரு பாதுகாப்பு, அவசியம் என்றே சொல்வேன். கைக் கண்ணிகளைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு மெல்லிய தையல் நூலை, வேறு நிறத்தில், அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஊசியில் கோத்து விட்டுவிட வேண்டும். பிறகு ஏதாவது தப்பினால் அந்த நூல் வரை பிரிக்கலாம். அதைத் தாண்டி ஒரு கண்ணியும் அவிழ்ந்து ஓடாது. எனக்கு அது இரண்டு முறை பயன்பட்டது. ஒருமுறை என் தப்பு, ஒருமுறை பூனை.

நேர் ஊசியில் பெரிய ஸ்வெட்டர் பின்னாதீர்கள். மஃப்ளருக்கு அது சரி. நூறு நூற்றிருபது கண்ணியோடு முதுகுத் துண்டு வளரும்போது மொத்தக் கனமும் மணிக்கட்டில் தொங்கும். முதல் ஸ்வெட்டரின்போது இரண்டு வாரம் டம்ளரைத் தூக்கவே கை நோகும். நடுவில் கேபிள் உள்ள வட்ட ஊசியில் கனம் மடியில் உட்கார்ந்துகொள்ளும். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்று இல்லை, அதில் முன்னும் பின்னும் திருப்பியும் பின்னலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பேன். குன்னூரில் அதற்குத் தனியாக நினைவூட்டல் வேண்டாம், குளிரில் டீ வைக்கத் தானாகவே எழுந்திருப்போம்.

கை இரண்டும் ஒரே நேரத்தில் பின்ன வேண்டும். நீளமான வட்ட ஊசியில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி, இரண்டு உருண்டைகளோடு. நூல் சிக்கும், எரிச்சல் வரும். ஆனாலும் இரண்டும் ஒன்றாக வளரும். ஒரு கையை முடித்துவிட்டு இன்னொரு கையைத் தொடங்குவதற்கு மனசு வராத நாட்கள் உண்டே, அவை மிச்சமாகும். ஆன்ட்டியின் அலமாரியில் ஒரு கை மட்டுமுள்ள ஸ்வெட்டர் ஒன்று பல வருடமாக இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கழுத்து ரிப்பை மூடும்போது தளர்வாக மூட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். தளர்வாக என்றால் எப்படி என்று கை அறியாது. மூடுவதற்கு மட்டும் இரண்டு அளவு தடித்த ஊசியை எடுத்துவிடுங்கள், கை தானாகத் தளரும். முடித்ததும் தலை போகிறதா என்று வீட்டில் பெரிய தலைக்காரர் யாராவது இருந்தால் பார்க்கலாம். எங்கள் வீட்டில் கணவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய அனுபவம்.

சிக்கனத்துக்காக யாராவது இதைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். ஊட்டி தாவரவியல் பூங்காப் பக்கம் திபெத்தியர்கள் வரிசையாகக் கடை போட்டு ஸ்வெட்டர் விற்கிறார்கள். நான் நல்ல நூலுக்குக் கொடுத்த காசில் அங்கே ஸ்வெட்டரே வாங்கலாம், குல்லாவும் சேர்ந்து வரும். நான்கு மாத மாலை நேரத்துக்கு விலை போட்டால் என்ன ஆகும் என்று பேங்கில் வேலை பார்க்கும் நானே கணக்குப் போடவில்லை.

அப்பாவின் ஸ்வெட்டர் நவம்பர் கடைசியில் முடிந்தது. துவைத்து, துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்து, கட்டிலில் பழைய போர்வை விரித்து, சீட்டிலிருந்த அளவுக்கு டேப்பை வைத்துப் பரப்பினேன். மூன்று நாள் காய்ந்தது. அந்த மூன்று நாளும் நாங்கள் ஹாலில் படுத்தோம். வீடு முழுக்க ஈர ஆட்டு வாசம்.

வந்த அன்று மாலை கொடுத்தேன். போட்டுப் பார்க்கவில்லை. முதலில் உள்பக்கம் திருப்பினார். விளக்குக்கு அடியில் பிடித்து அக்குளிலிருந்து ஓரம் வரை விரலை ஓட்டினார்.

"சைடு சீம் எங்க கண்ணு?"

"இல்லீங்கப்பா. வட்டமாவே பின்னினது."

"ட்யூப்பா!" என்றார், பழைய ஆளைப் பார்த்துவிட்ட மாதிரி. பக்கத்தையல் இல்லாத பனியன் அப்படித்தான், வட்ட மெஷினிலிருந்து குழாயாக இறங்கும் துணியில் வெட்டுவது. பிறகு மேசையில் விரித்து இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். பையிலிருந்து டேப்பை எடுத்தார். அவர் எங்கே போனாலும் டேப் வரும்.

"இடது கை ஒரு சென்டி ஏத்தம்."

"டாலரன்ஸ் அரை சென்டின்னு நீங்கதானே எழுதுனீங்க, இழுத்துவிட்டுப் பாருங்கப்பா" என்றேன். இழுத்துப் பார்த்தார். முக்கால் என்றார். அதற்குக் கீழே வரவில்லை. போட்டுக்கொண்டு பத்து நாளும் கழற்றவில்லை, குளிரைத் திட்டுவதையும் நிறுத்தவில்லை.

ஊருக்குப் போகிற அன்று அதே ஸ்வெட்டரோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "பர்லியாறு வந்திருச்சு, புழுக்கமா இருக்குது. கழட்டி மடிச்சுப் பையில வெச்சுட்டேன். தொங்கவிடக்கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லிரு."

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.